வயிற்றில் பை, பின்வழியில் வேதனை

மலக்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து, மலம் போவதற்கு வயிற்றில் வேறு வழி வைத்துப் பையும் கட்டியாகிவிட்டது. இனிமேல் பின்பக்கத்தால் ஒரு தொல்லையும் இல்லை என்றுதான் நோயாளி நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதோ, பட்டறையில் வேலையாக நிற்கும்போதோ, மலம் கழிக்க வேண்டும் என்ற உணர்ச்சி முட்டிக்கொண்டு வரும். கக்கூஸுக்கு ஓடினால் வெள்ளையாகச் சீதம் போகும். சிலருக்கு ரத்தமும் கலந்திருக்கும்.

வழியைத்தான் மாற்றிவிட்டார்களே, இது எங்கிருந்து வருகிறது? யாரிடம் கேட்பது? மனைவியிடம் சொல்லவே பலருக்கு வெட்கம். ஆஸ்பத்திரியில் டாக்டர், "வயிறு எப்படி இருக்கிறது, பை ஒழுங்காக இருக்கிறதா?" என்று கேட்பார். "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். பின்பக்கத்துச் சமாசாரம் வாயில் வராது. மும்பை பரேலில் 1941-ல் தொடங்கிய டாடா நினைவு ஆஸ்பத்திரிக்கு தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் வந்து போகும் தமிழர்களுக்கு மொழியும் ஒரு தடை. வெட்கத்தை இந்தியில் எப்படிச் சொல்வது?

இந்த ஆபரேஷனை கொலாஸ்டமி என்கிறார்கள். பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்து, அதன் வாயில் பையை ஒட்டுவது. இதில் இரண்டு வகை நோயாளிகள் உண்டு. யார் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதல் வகையினருக்கு மலக்குடலும் ஆசனவாயும் உள்ளேயே இருக்கும். மலம் அந்தப் பக்கம் போகாமல் மேலேயே திருப்பி விடப்பட்டிருக்கும், அவ்வளவுதான். குடலின் உட்சுவர் மலம் வந்தாலும் வராவிட்டாலும் சீதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அது சேர்ந்ததும் பழைய உணர்ச்சி வரும். இது நோயல்ல. நாளுக்கு ஒரு தடவை கக்கூஸில் சற்று நேரம் உட்கார்ந்து, முக்காமல், தானாக வருவதை விட்டுவிட வேண்டும். முக்கினால் வயிற்றில் பையின் பக்கத்தில் குடல் பிதுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. சிலருக்குச் சீதம் உள்ளேயே காய்ந்து உருண்டையாகி அடைத்துக்கொள்ளும். அதற்கு ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் மாத்திரை போதும். ஆனால் கதிர்வீச்சு பட்ட குடலில், டாக்டரைக் கேட்காமல் அதையும் வைக்கக் கூடாது.

காரம் சாப்பிட்டதால்தான் இப்படி என்று வீட்டில் சாம்பாரை நிறுத்துகிறவர்கள் உண்டு. பாவம், அந்தக் குடலுக்குச் சாம்பார் போய்ச் சேருவதே இல்லை!

சேராததுதான் இன்னொரு தொல்லைக்குக் காரணம். மலக்குடலின் உட்சுவருக்கு ஆகாரம் ரத்தத்திலிருந்து மட்டும் கிடைப்பதில்லை. நார்ச்சத்தைக் குடலில் உள்ள கிருமிகள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் சில அமிலங்களும் அதற்குத் தீனி. மலம் வராமல் போனால் உட்சுவர் பட்டினி கிடந்து புண்ணாகிறது. சீதம் அதிகமாகும், ரத்தமும் கசியும். 1981-ல்தான் அமெரிக்க டாக்டர்கள் இதற்குத் தனியாக ஒரு பெயர் கொடுத்தார்கள். குடலைத் திரும்ப இணைத்துவிட்டால் இது பெரும்பாலும் ஆறிவிடுகிறது. இணைக்க முடியாதவர்களுக்கு எனிமா மருந்துகள் இருக்கின்றன.

இரண்டாம் வகையினருக்கு மலக்குடலையும் ஆசனவாயையும் அடியோடு எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தைத்திருப்பார்கள். லண்டனில் மைல்ஸ் என்ற சர்ஜன் 1908-ல் விவரித்த ஆபரேஷன் இது. இவர்களுக்கும் மலம் முட்டுவது போன்ற உணர்ச்சி வருவதுதான் வேடிக்கை. காலை எடுத்தவருக்கு இல்லாத கால் அரிப்பது போலத்தான் இதுவும். சித்தப்பிரமை அல்ல. அப்போது கக்கூஸில் போய்ச் சற்று உட்கார்ந்தாலே சிலருக்கு அடங்கிவிடும்.

தையல் போட்ட இடம் கதிர்வீச்சு பட்டிருந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரும் குமாஸ்தாவுக்கு இது பெரிய சோதனை. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது பிட்டத்தை இரு பக்கமும் இழுத்துப் புண்ணைப் பிளக்கப் பார்க்கும். சாதாரண மெத்தென்ற தலையணையே மேல். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்பது அதைவிட மேல். நன்றாக ஆறிய தையலில் பல மாதம் கழித்துப் புதிதாக நீர் கசிந்தால் மட்டும் உடனே காட்ட வேண்டும்.

"கரண்ட் வைப்பது" என்று பேச்சில் சொல்கிற கதிர்வீச்சுக்கு வருவோம். வாரத்தில் 5 நாள் வீதம் 5 வாரம், 25 தடவை கொடுப்பது வழக்கமான முறைகளில் ஒன்று. கொடுக்கும்போதே வருகிற எரிச்சலும் கடுப்பும் முடிந்த சில வாரங்களில் தணிந்துவிடும். ஏமாற்றுவது பின்னால் வருவதுதான். பல மாதம் கழித்தோ, சில வருஷம் கழித்தோகூட ரத்தம் போக ஆரம்பிக்கும். கதிர்வீச்சினால் குடல் சுவரின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, அவற்றுக்குப் பதிலாக மெல்லிய புதுக் குழாய்கள் முளைக்கின்றன. தொட்டாலே அவை கசியும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைத்துக்கொண்ட பெண்களுக்கும் இது வருவதுண்டு.

ரத்தத்தைக் கண்டதும் "புற்று திரும்பிவிட்டது" என்று இடிந்து போகிறவர்கள் ஒரு ரகம். "மூலம்தான்" என்று தாங்களே முடிவு கட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகம்தான் அபாயத்தில் சிக்குகிறது. மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று ரயில் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஒரு மாடி அறைக்குப் போய், ஊசியோ காரமோ போட்டுக்கொண்டு வருவார்கள். கதிர்வீச்சு பட்ட சதை எளிதில் ஆறாது. அங்கே சுட்டாலும் அறுத்தாலும் புண் துளையாகிவிடலாம். பெண்களுக்கு அந்தத் துளை பிறப்புறுப்பில் திறந்தால் மலமும் சீழும் அந்த வழியாக வரும். எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்குக் கரண்ட் வைத்திருக்கிறது" என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

கேட்டால் வைத்தியம் இருக்கிறது. குழாய் விட்டுப் பார்த்து ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். வயிற்றுப் புண்ணுக்குச் சாப்பிடும் சுக்ரால்ஃபேட் மருந்தையே எனிமாவாகக் கொடுக்கிறார்கள். விலையும் மலிவு. அதற்கு அடங்காவிட்டால் ஆர்கான் வாயுவைக் கொண்டு கசியும் குழாய்களைச் சுட்டு அடைக்கிறார்கள். ஃபார்மலின் தடவும் முறையும் உண்டு. ரத்தம் போய்ப் போய்ச் சோகை பிடித்தவர்களுக்கு இரும்புச் சத்து தேவை. மூட்டு வலி, தலைவலி என்று ஆஸ்பிரின் விழுங்குகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ரத்தக் கசிவை அது அதிகமாக்கும். ரத்தம் கட்டி கட்டியாகப் போனாலும், காய்ச்சல் வந்தாலும், நாற்றத்துடன் சீழ் வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை சாதாரண விஷயங்கள்தாம். அகன்ற டப்பில் இளஞ்சூடான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கடுப்பு தணியும். பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு தடவலாம். சீதம் கசிகிறவர்கள் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்ளலாம், துவைத்து வெயிலில் காயப்போட்டால் போதும். ஆனால் சாலில் இருபது குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ் என்றால், காலையில் வாளியுடன் வரிசையில் நிற்கும்போது உள்ளே கால் மணி நேரம் உட்கார யார் விடுவார்கள்? மத்தியானத்திலோ ராத்திரி பத்துக்கு மேலோ கூட்டம் குறைந்த வேளையைப் பழக்கமாக்கிக்கொள்கிறவர்கள் சமாளிக்கிறார்கள். சீதம் போவதற்கு இன்ன நேரம் என்ற கட்டாயம் இல்லாதது இதில் ஒரு சௌகரியம்.

பை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போவதே ஒரு காலத்தில் நடக்காத காரியம். டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற நர்ஸ், ஆபரேஷனான தன் தங்கை வெளியே தலைகாட்ட வெட்கப்படுவதைக் கண்டு, உடம்பில் ஒட்டும் பையை 1954-ல் யோசித்துக் கண்டுபிடித்தார். நர்ஸ் ஒருத்திக்குத்தான் இது தோன்றியது. மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று நோயாளிகளுக்கான சங்கமே இருக்கிறது. டாக்டரிடம் சொல்லக் கூசுவதை, ஏற்கெனவே பை கட்டியவரிடம் கேட்டுவிடலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆஸ்டமி நோயாளிகளுக்கு ரயில்வேயில் முதல், இரண்டாம் வகுப்பு மாத சீசனுக்கும் மூன்று மாத சீசனுக்கும் பாதிக் கட்டணம்தான். உரிய படிவத்தில் டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி, சீசன் எடுக்கும் கவுண்டரில் காட்ட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகப் போகும்போது பின்பக்கத்துச் சமாசாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வரலாம்.