ஆடுகிற என்ஜினுக்கு நாடி பார்ப்பது எப்படி?

“என்ஜினை இறக்கித்தான் ஆகணுமாம், மேஸ்திரி!”

டாக்டர் “ஆபரேஷன்” என்றதும் நோயாளி வெளிறிப் போவதில்லையா? அந்த டிரைவரின் முகமும் அப்படித்தான் இருந்தது.

கொடுங்கையூரில் ஒரு சின்னப் பட்டறை. வாசலில் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று. அது விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் ஏற்றி வந்தால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். வண்டியோ நின்ற இடத்திலேயே கிடுகிடுவென்று ஆடுகிறது. மூலக்கடை மேம்பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. வேறொரு பட்டறையில் காட்டினாராம். என்ஜினைப் பிரித்துப் போட வேண்டும் என்று கையை விரித்துவிட்டார்கள். பிரித்தால் செலவு ஒரு பக்கம். வேலை முடியும்வரை பிழைப்பு இல்லை என்பது மறுபக்கம்.

இந்த வட்டாரத்துக்கும் என்ஜினுக்கும் உறவு பழையது. 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். நம் மேஸ்திரி இந்தத் தொழிற்சாலைகளுக்குள் கால் வைத்தவரல்ல. சிறு வயதில் லாரிக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றவர்.

அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

“காத்தால மட்டும் ஆடுதா, சூடானப்புறமும் ஆடுதா?”

“சூடானாலும் ஆடுது.”

“எப்பலேர்ந்து?”

“மழைக்கப்புறம்தான் மேஸ்திரி.”

“உம்” என்றார். பிறகு புகையைப் பார்த்தார். நீலப் புகை என்றால் உள்ளே ஆயில் எரிகிறது என்று அர்த்தம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிஞ்சுகிறது. இந்த வண்டி விட்டது வெள்ளைப் புகை. அதில் பச்சை டீசல் நாற்றம். எங்கேயோ டீசல் எரியாமலே வெளியேறுகிறது!

பல்லக்கு தூக்கும் நால்வர்

டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டிபோல் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கியே சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோல் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். இப்படி ஓடும் என்ஜினை ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஓட்டிக் காட்டினார். (பாவம், 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர் நடுவழியில் மாயமாய் மறைந்தார்.)

நாலு சிலிண்டர் என்பது பல்லக்கு தூக்கும் நாலு ஆள் மாதிரி. சும்மா நிற்கையில் நிமிஷத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், நாலும் சேர்ந்து 1,600 முறை எரிய வேண்டும். ஒருவன் தோள் கொடுக்காவிட்டால் 400 முறை தவறும். பல்லக்கு ஆடாமல் என்ன செய்யும்?

அந்தச் சோம்பேறி யார் என்று கண்டுபிடிக்கும் வித்தை வெகு எளிது. என்ஜின் ஓடும்போதே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்த வேண்டும். முதலாவதைத் தளர்த்தினார், என்ஜின் சத்தம் இறங்கித் தடுமாறியது. இறுக்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தினார். ஒரு மாற்றமும் இல்லை! வேலை செய்யாதவனுக்குச் சோறு நிறுத்தினால் வேலை எப்படிக் கெடும்?

வாசகர்கள் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்வைக்கு ஊசி குத்தினாற்போல் இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. ‘காமன் ரெயில்’ என்ஜின் உள்ள புது வண்டிகளில் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அவற்றில் இந்த வித்தையை மெக்கானிக்கும் செய்யலாகாது.

இடம் மாறிய நோய்

சரி, மூன்றாவது சிலிண்டர்தான் நோயாளி. ஆனால் நோய் சிலிண்டரிலா, அதற்கு டீசல் பீய்ச்சும் நாசிலிலா? முன் பட்டறைக்காரர்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

மேஸ்திரி ஒன்றாம் நாசிலையும் மூன்றாம் நாசிலையும் கழற்றி, செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டு, இடம் மாற்றிப் பூட்டினார். கைப் பம்பை அடித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். வண்டி கிளம்பியது. அதே ஆட்டம்! ஆனால் இப்போது மூன்றாவதைத் தளர்த்தினால் என்ஜின் தடுமாறுகிறது; ஒன்றாவதைத் தளர்த்தினால் சும்மா இருக்கிறது. நாசிலோடு நோயும் இடம் பெயர்ந்துவிட்டது. மூன்றாவதிலேயே நோய் தங்கியிருந்தால் வால்வு, ரிங் என்று சந்தேகம் போயிருக்கும். என்ஜினைப் பிரிப்பதிலும் நியாயம் இருந்திருக்கும்.

நாசிலைப் பரிசோதனைப் பம்பில் மாட்டி நெம்பினார்கள். நல்ல நாசில் “கிர்ர்” என்று புகைபோல் தூவும். இது குழந்தை வாயில் எச்சில் வடிவதுபோல் சொட்டியது.

டிரைவர் முகத்தில் உயிர் வந்தது. “அப்போ இதை மாத்திட்டா ஆச்சா, மேஸ்திரி?”

“இரு தம்பி. இது ஏன் கெட்டுச்சு?”

பில்டரின் அடித் திருகைத் திறந்தார். முதலில் வந்தது டீசல் அல்ல, தண்ணீர்! துருப்பிடித்த செந்நிறத் தண்ணீர். நேராக டீசல் டாங்கிடம் போனார். மூடி இல்லை. தொலைந்துபோன மூடிக்குப் பதிலாக ஒரு பழந்துணி சுருட்டிச் செருகியிருந்தது. மழைத் தண்ணீர் அதன் வழியாகவே இறங்கியிருக்கிறது.

டாங்கைக் கழுவி, பில்டரையும் நாசிலையும் மாற்றி முடிக்கையில் விளக்கு வைத்துவிட்டார்கள். என்ஜின் ஒரே சீராக ஓடியது. டிரைவர் காசைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி தெருமுனை திரும்பும்போது மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார்:

“தம்பி! முதல்ல மூடி வாங்கு! அப்புறம் மீன் ஏத்து!”