ரப்பரைக் கீழே வை

ஓவிய ஆசிரியருக்கு நிரந்தர எதிரி ஒன்று உண்டென்றால் அது ரப்பர்தான். பிள்ளைகள் ஒரு மூக்கை வரைவார்கள், அழிப்பார்கள், மறுபடி வரைவார்கள். பீரியட் முடிவதற்குள் தாளே கிழிந்திருக்கும். காட்டச் சொன்னால் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னும் முடியல சார்" என்பார்கள். இவர்களுக்கென்றே நான் வைத்திருப்பது ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் கதை.

1760-இல் எடோவில், இன்றைய டோக்கியோவில், பிறந்தவர். படகுகளின் மேல் கவிய வரும் அந்த நீலப் பேரலையை டி-ஷர்ட்டிலாவது பார்த்திருப்பீர்கள்; பின்னால் குட்டியாக ஃபூஜி மலை. அது 1831 வாக்கில், எழுபது வயதில் வரைந்தது. திடீரென்று வந்த வரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1797-லேயே எனோஷிமா கடற்கரையில் ஒரு சாதுவான அலை வரைந்திருக்கிறார். 1803 வாக்கில் இன்னொன்று: அலை பெரிதாகிவிட்டது, ஆனால் பாறைபோல இறுகிக் கிடக்கிறது. 1805 வாக்கில் மறுபடியும் அலை, மறுபடியும் படகு. நுரை விரல் விரலாகப் பிரிவதற்கு இன்னும் இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. முந்தைய மூன்றையும் அவர் பெட்டியில் பூட்டவில்லை. அச்சாகி ஊருக்குள் போய்விட்டன.

அந்த அச்சு முறையே பூட்டிவைக்க விடாது. மெல்லிய தாளில் வரைந்ததைச் செதுக்குகிறவர் வாங்கி, மரப்பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கிவிடுவார். மூலப்படம் அத்தோடு காலி. அப்புறம் நிறத்துக்கு ஒரு பலகை. சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் படம் கடைக்கு வந்துவிடும்.

1814-இல் வரத் தொடங்கிய 'ஹொகுசாய் மங்கா', பழகுகிறவர்கள் பார்த்து வரைவதற்காகப் போட்ட கோட்டோவியத் தொகுப்பு. கடைசியில் 15 பாகம், ஏறக்குறைய 4,000 படம். மல்யுத்த வீரர், தவளை, பேய், குளிக்கிறவர்கள் என்று கண்ணில் பட்டதும் படாததும் எல்லாம் உண்டு. அத்தனையும் அற்புதம் என்று சொல்லமாட்டேன். சில பக்கங்கள் கடனுக்குப் போட்ட மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் எட்டாம் பாகத்து ஒல்லி மனிதர்களைப் பாருங்கள், விலா எலும்பை எண்ணலாம். போட்டது சில கோடுகள்தான்.

எழுபது வயதுக்கு முன் தான் வரைந்த எதுவும் பொருட்டல்ல என்று பிற்பாடு அவரே எழுதினார். அவர் சொன்னால் சொல்லட்டும், எழுபது வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லையே!

1842, 43-இல், எண்பதைத் தாண்டிய பிறகு, கெடுதல் அண்டாமலிருக்கக் காலைதோறும் ஒரு சிங்கம் வரைந்து தேதி போட்டார். இருநூறுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. இதைக் கேட்டுவிட்டு எங்கள் ஏழாம் வகுப்பும் தினம் ஒரு படம் என்று ஆரம்பித்திருக்கிறது. சிங்கம் வேண்டாம், வீட்டுப் பக்கம் பார்க்கிற எதுவும் சரி என்றேன். தேதி கட்டாயம், அன்றைக்கே சுவரில் ஒட்டிவிட வேண்டும். மாட்டுக்குப் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று இப்போது பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கிறது.