நாய்க்கு நம் மாத்திரை: எது உதவும், எது கொல்லும்

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் நடுவே பெரிய வேலி கிடையாது. காலையில் வாசலில் சோறு தின்னும் நாய், மாலையில் கிரிவலப் பாதையில் யாரோ போட்ட பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கும். இரவில் ஆதி அருணாசலேசுவரர் கோயில் பக்கம் மற்ற நாய்களோடு படுத்திருக்கும். அப்படிப் படுத்து எழுந்து வரும்போது உண்ணியும் கூடவே வரும். நாயின் காதுமடலில் ஒட்டும் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவரின் விரிசலிலும் முட்டையிட்டுப் பெருகும். இந்த ஊரில் நாய் வளர்ப்பவருக்கு உண்ணிக் காய்ச்சல் என்றாவது ஒருநாள் வீடு தேடி வரும் நோய்.

மருந்துச் செலவைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் இல்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உடம்பு கொதிக்கிறது. ஈறு வெளுத்திருக்கிறது, சில சமயம் மூக்கில் ரத்தம் வருகிறது. உண்ணி கடித்த இடத்தின் வழியே புகுந்த எர்லிக்கியா என்ற நுண்ணுயிரி வெள்ளை அணுக்களுக்குள் பெருகுகிறது, ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் கால்நடை மருத்துவமனையில் ரத்தம் பார்த்து, உண்ணிக் காய்ச்சல்தான் என்று தெரிந்தால் மருத்துவர் பெரும்பாலும் எழுதித் தருவது டாக்ஸிசைக்ளின். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், தொடர்ந்து 28 நாள் என்பது வழக்கமான கணக்கு. பத்துக் கிலோ நாய்க்கு நாளைக்கு 100 மில்லிகிராம். மனிதருக்கான மருந்துக்கடையில் கிடைக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் அதே 100 மில்லிகிராம்தான். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு நமக்குக் கொடுப்பதும் அதே மருந்து.

நாயின் படம் போட்ட அட்டையில் வந்தாலும், மலிவு விலை மருந்தகத்தின் அட்டையில் வந்தாலும் உள்ளே இருக்கும் மருந்துப்பொருள் ஒன்றே. விலை மட்டும் ஒன்றல்ல. நாய்க்கென்று செய்யும் மருந்துக்குச் சந்தை சிறியது, மாத்திரைக்கு இறைச்சி வாசனை ஏற்ற வேண்டும், செலவெல்லாம் விலையில் ஏறும். மனித மருந்தை நாடு முழுக்கப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுச் செய்கின்றன. டாக்ஸிசைக்ளின் போன்றவை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால், 2013-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அவற்றுக்கு உச்ச விலையும் உண்டு. அதற்கும் கீழே விற்கத்தான் 2008-இல் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இவை மனிதருக்காகத் திறந்த கடைகள். ஆனாலும் கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டோடு போனால் நாய்க்கும் வாங்கலாம்.

சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. மருந்துகள், அழகுப்பொருள்கள் விதிகள் 1945-இல் மருந்துச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 65-ஆம் விதி, நோயாளியின் பெயரும் முகவரியும் வேண்டும் என்கிறது. மருந்து விலங்குக்கு என்றால், அந்த விலங்கின் உரிமையாளர் பெயரும் முகவரியும் போதும் என்கிறது. ஆகவே கடைக்காரர் தயங்கினால் சண்டை வேண்டாம். சீட்டில் உங்கள் பெயர், முகவரி, நாய்க்கு என்ற குறிப்பு, மருத்துவரின் கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடமே கேளுங்கள். மலிவாக வாங்க வேண்டும் என்று சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. பாதியில் நிறுத்திய விலையுயர்ந்த மருந்தைவிட, 28 நாளும் கொடுத்து முடித்த மலிவு மருந்து நாயைக் காப்பாற்றும்.

பாதியில் நிறுத்துவது இந்த நோயில் மிகப் பெரிய தவறு. நான்காவது, ஐந்தாவது நாளே நாய் எழுந்து வாலாட்டும், சோறு தின்னும். சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் கிருமி உடம்பிலேயே தங்கிவிடும். மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையே வற்றிப்போகும் அளவுக்குத் திரும்பி வரலாம். இன்னொரு தவறு நம் கைவழக்கத்தில் இருக்கிறது. மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலப்போம், தயிர்சாதத்தில் ஒளித்து வைப்போம். பால் பொருளில் உள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும். வெறும் சோற்று உருண்டையிலோ, வேகவைத்த கோழித்துண்டிலோ வைத்துக் கொடுங்கள். விழுங்கியதும் தண்ணீர் குடிக்க வையுங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கே புண்ணாகும்.

இப்படி நமக்கும் நாய்க்கும் பொதுவான மருந்துகள் இன்னும் உண்டு. வலிப்பு வரும் நாய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன், நாம் வாங்கும் அதே மாத்திரைதான். இதய நோய்க்கு ஃப்யூரோசமைடு, எனலாப்ரில், வாந்திக்கு ஆண்டான்செட்ரான், குடல் தொற்றுக்கு மெட்ரோனிடசோல், ஒவ்வாமைக்கு ப்ரெட்னிசோலோன் என எல்லாவற்றையும் கால்நடை மருத்துவர்கள் மனித மருந்துக்கடைக்கே எழுதித் தருகிறார்கள். அமெரிக்காவில் 1994-இல் வந்த ஒரு சட்டம், மனித மருந்தை விலங்குக்கு எழுதும் உரிமையைக் கால்நடை மருத்துவருக்குத் தெளிவாகக் கொடுத்தது. பிரிட்டனிலோ விலங்குக்கென்று அனுமதி பெற்ற மருந்து இருந்தால் முதலில் அதைத்தான் எழுத வேண்டும், இல்லாதபோதுதான் மனித மருந்து. அங்கும் இங்கும் முடிவு மருத்துவர் கையில்தான் இருக்கிறது.

மருந்து ஒன்றுதானே, நானே கொடுத்துவிடுகிறேன் என்று நினைக்கும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. மருந்து ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றல்ல, அதைச் செரிக்கும் உடம்பும் ஒன்றல்ல.

தைராய்டு மாத்திரையைப் பாருங்கள். நமக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு ஒன்றரை மைக்ரோகிராம் அளவில் போதும். நாயின் உடம்பு அதை வேகமாக வெளியேற்றிவிடுவதால் ஒரு வேளைக்கே கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அதுவும் இரண்டு வேளை கொடுக்க வேண்டியிருக்கும். இருபது கிலோ லாப்ரடாருக்கு மருத்துவர் எழுதும் அளவைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் திடுக்கிட்டு, "தப்பா எழுதியிருக்காங்க, குறைச்சுக் கொடுங்க" என்று சொல்லக்கூடும். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். நீங்கள் குறைக்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

மூட்டுவலி மருந்தான மெலாக்ஸிகாமில் கணக்கு தலைகீழ். நாய்க்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் அன்றாட அளவு. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு மில்லிகிராம். நம் கடையில் இருப்பது ஏழரை, பதினைந்து மில்லிகிராம் மாத்திரைகள். பதினைந்து மில்லிகிராம் மாத்திரை ஒன்றை முழுசாகக் கொடுத்தால் பதினைந்து நாள் மருந்து ஒரே நாளில் உள்ளே போகிறது. கத்தியால் பதினைந்து துண்டாக்கவும் முடியாது. இங்கே நாய்க்கென்று திரவமாகச் செய்த மருந்தை, விலை கூடினாலும், வாங்கத்தான் வேண்டும்.

வலிநிவாரணிகள்தான் நம் வீடுகளில் எளிதாகக் கைக்கு அகப்படுபவை, ஆகவே இவற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றுச் சுவரைக் காக்கும் பொருளைத் தடுத்துவிடும். கிலோவுக்கு 25 மில்லிகிராமைத் தாண்டினாலே வாந்தி, ரத்தக் கழிச்சல், வயிற்றுப்புண் என்று தொடங்கலாம், மேலும் கூடினால் சிறுநீரகம் போகும். நம் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, பத்துக் கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 40. பாராசிட்டமால் 650, ஐந்து கிலோ பொமரேனியனுக்குக் கிலோவுக்கு 130. கல்லீரலைக் கெடுக்கப் போதுமான அளவு அது. பூனைக்குப் பாராசிட்டமாலைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அதை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையிடம் மிகக் குறைவு, ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும். டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென், நிமெசுலைடு எதையும் நீங்களாக நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

டைக்ளோஃபெனாக்கின் கதையை இந்த நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. மாட்டுக்குக் காய்ச்சல், கால்வலி என்றால் மலிவான அந்த ஊசியைப் போட்டார்கள். மாடு செத்தபின் அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. 1990-களில் தொடங்கிய அந்தச் சரிவில் சில இனங்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தன. காரணத்தை 2004-இல்தான் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது. உடனே என்ன நடந்தது? மனிதருக்கென்று வந்த பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், அது இன்னும் மலிவு. அதனால் 2015-இல் மனிதருக்கான ஊசிக் குப்பியும் மூன்று மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆணை வந்தது. நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகள் பிழைத்திருக்க இந்தத் தடைகளும் ஒரு காரணம். மனித மருந்து மலிவாகக் கிடைக்கிறது என்ற ஒரே கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நம்மிடம் இல்லை.

சொறிக்கு ஐவர்மெக்டின் கொடுப்பதும் பரவலான பழக்கமாகிவிட்டது. கொரோனா காலத்தில் பல வீடுகளுக்குள் வந்த 12 மில்லிகிராம் மாத்திரை மிச்சம் கிடக்கும். நாய்க்கு இதயப் புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை தரும் ஐவர்மெக்டின் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். பத்துக் கிலோ நாய்க்கு அந்த 12 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்தால் அதைப்போல் 200 மடங்கு. சொறிக்கு மருத்துவர் கூடுதல் அளவு கொடுப்பதுண்டு. அதற்கு நாயின் இனம் பார்ப்பார், மெல்ல மெல்ல ஏற்றுவார். கோலி இன நாய்கள் பலவற்றிலும், சில ஜெர்மன் ஷெப்பர்டுகளிலும், மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் மரபணு பழுதாகியிருக்கும். அவற்றுக்கு அந்த மாத்திரை தள்ளாட்டத்தையும் மயக்கத்தையும் மரணத்தையும் தரக்கூடும்.

இன்னும் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒருமுறை நாம் சாப்பிடும் 60,000 யூனிட் வைட்டமின் டி சிறிய நாயின் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். சர்க்கரை சேர்க்காத சில சிரப்புகளில் சைலிட்டால் இருக்கும், அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்தும். சளி மாத்திரைகளில் பல மருந்துகள் கலந்திருக்கும், வேண்டவே வேண்டாம். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை நாய் கடித்து நொறுக்கினால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்தைக் கருவிழியில் புண் உள்ள கண்ணில் விட்டால் பார்வையே போகலாம். தடுப்பூசியிலும் உண்ணி மருந்திலும் மலிவு மனித மாற்று என்று ஒன்று கிடையவே கிடையாது. வெறிநோய்த் தடுப்பூசி நாய்க்கென்று உள்ளதைத்தான் ஆண்டுதோறும் போட வேண்டும். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களை ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும், விசாரித்துக் கொண்டுபோங்கள்.

விலங்குகளுக்கென்றே மலிவு மருந்துகள் வரும் வழியும் திறந்திருக்கிறது. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை, கால்நடை நோய்த்தடுப்புத் திட்டத்தில் 'பசு ஔஷதி' என்ற பிரிவைச் சேர்த்து 75 கோடி ரூபாய் ஒதுக்கியது. கறவை மாடும் ஆடும்தான் அதன் முதல் கவலை. அது சரிதான். நாய் மருந்தும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பது என் கோரிக்கை. வெறிநோயும் உண்ணியும் வீட்டு நாயைத் தாண்டி மனிதரையும் தொடுபவை.

திருவண்ணாமலை விலங்குகளை மறக்காத ஊர். ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. அந்த ஊரில் மருந்து வாங்கக் காசு போதாமல் ஒரு நாய் சாகக் கூடாது, தவறான மாத்திரை தின்றும் சாகக் கூடாது.

மருத்துவரிடம் போகும் முன் நாயை எடை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எடைக் கருவி இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறி அதைக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் அரிசி மண்டித் தராசு போதும். அந்த எண்ணையும், இதுவரை நீங்களாகக் கொடுத்த மாத்திரை எதுவானாலும் அதன் அட்டையையும் கொண்டுபோய் மறைக்காமல் காட்டுங்கள். பிறகு கேளுங்கள்: "டாக்டர், இதுக்கு மலிவு மாத்திரை இருந்தா அந்தப் பேரை எழுதிக் கொடுங்க." பெரும்பாலான மருத்துவர்கள் எழுதித் தருவார்கள்.