மயில்மீனின் ஆகாரம்

பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக ஓடி, அசையுந்தோறும் நீலமாயும் பச்சையாயும் மாறித் தோன்றும் மயில்கழுத்துச் சேலையைக் காஞ்சிபுரத்தில் அறியாதவர் இல்லை. ஆனால், 2019 வரையில் நம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த மாமல்லபுரக் கரைக்கு அப்பால், ஆழ்கடலில், அதே வர்ணஜாலத்தை மேனியில் தாங்கித் திரியும் மயில்மீனை உயிரோடு கண்டவர்கள் மீனவர்களையன்றி வெகு சிலரே. கரைக்கு வருமுன் அவ்வர்ணங்கள் மங்கிவிடுகின்றன.

மூன்று மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய இம்மீன் நெத்திலி, சாளை, கானாங்கெளுத்தி, சிறு சூரை, கணவாய் ஆகியவற்றை உண்டு வாழ்வது. குஞ்சுப் பருவத்தில் நுண்ணிய மிதவை உயிர்களைத் தின்னத் தொடங்கி, வெகு சீக்கிரத்திலேயே பிற மீன்களின் குஞ்சுகளுக்கு மாறிவிடுகிறது.

ஈட்டிபோல் நீண்ட அதன் அலகு இரையைக் குத்துவதற்கே ஏற்பட்டது என்று பலர் கருதுகின்றனர். மெக்சிகோ நாட்டுக் கடலில் சாளைக் கூட்டங்களை வேட்டையாடிய மயில்மீன்களை அதிவேகப் படக்கருவிகளால் பதிவு செய்து, 2014-இல் வெளியான ஆராய்ச்சியோ வேறு விதமாகச் சொல்கிறது. கூட்டத்தின் பின்புறமாக வந்து, முதுகிலுள்ள பெருந்துடுப்பைப் பாய்போல் விரித்து, உடல் பக்கவாட்டில் ஆடாமல் நிலைநிறுத்திக்கொண்டு, மெல்லிய அலகைச் சாளைகள் வெருண்டோடாத வண்ணம் அவற்றின் நடுவே மெதுவாக நுழைத்து, பின்பு கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் வீசுகிறது. அல்லது ஒரே ஒரு மீனைத் தட்டி நிலைகுலையச் செய்து விழுங்குகிறது. இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும், நான்கு தாக்குதல்களில் ஏறக்குறைய ஒன்றே இரையைத் தருகிறது என்பது 2016-இல் தெரியவந்த செய்தி. எனினும் அனேகமாக ஒவ்வொரு வீச்சிலும் சில சாளைகள் காயமுறுகின்றன. மயில்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துத் தாக்குவதால், ஒன்றின் பிரயாசை மற்றொன்றுக்கு ஆகாரமாகிறது. காயம் பெருகப் பெருக வேட்டை எளிதாகிறது. உறவோ ஒப்பந்தமோ வேண்டாத இந்தக் கூட்டு முயற்சியையே நான் பெரும் விந்தை என்பேன்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மயில்மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பொது அறிவு நூல்கள் விடாமல் எழுதி வருகின்றன. வேட்டையின்போது அளந்து பார்த்ததிலோ, அதன் அதிகபட்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாவிடை தயாரிக்கும் ஆசிரியர்கள் அந்தப் பழைய எண்ணை இனியேனும் நீக்கிவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.