மலைப்பாதைக்கு முன் மவுஸ் பாதை: குடும்பச் சுற்றுலாவைக் கம்ப்யூட்டரில் திட்டமிடுங்கள்

வெளிநாடுகளில் ஆர்.வி. என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மலை, வனப் பூங்கா, நினைவுச் சின்னம் என்று வாரக்கணக்கில் அதில் சுற்றுவார்கள். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது டெம்போ டிராவலர் வேன்தான். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மூன்று ஷிஃப்ட் வேலைக்கு நடுவே இரண்டு நாள் லீவு சேர்ந்தால், பலர் கிளம்பும் பாதை மைசூர், பந்திப்பூர், முதுமலை, ஊட்டி. இந்தப் பயணத்தை எடுத்துக்காட்டாக வைத்து, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு சுற்றுலாவை எப்படித் திட்டமிடலாம் என்று இங்கு பார்ப்போம். தேவையானவை இரண்டே: இன்டர்நெட் இணைப்பு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம்.

1. மேப்பில் பாதை அமைத்தல்

பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, டைரக்ஷன்ஸ் பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். முதல் கட்டத்தில் ஓசூர், அடுத்ததில் மைசூர் என டைப் செய்யவும். கீழே உள்ள ஆட் டெஸ்டினேஷன் என்பதைக் கிளிக் செய்து பந்திப்பூர், தெப்பக்காடு, கூடலூர், ஊட்டி என வரிசையாகச் சேர்க்கலாம். புறப்படும் இடம் தவிர ஒன்பது இடங்கள் வரை ஏற்றுக்கொள்ளும். வரிசை மாறிவிட்டால் மவுஸால் பிடித்து மேலே, கீழே இழுத்து விடலாம்.

தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழியாக ஊட்டி செல்லும் பாதை தூரத்தில் குறைவு என்பதால் மேப் அதைக் காட்டக்கூடும். அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிகச் செங்குத்தான பாதை. வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. வேனுக்கு ஏற்றது கூடலூர் வழிதான். கூடலூரை ஒரு நிறுத்தமாகச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

2. ஒரு பிழையான கணக்கு

இனிதான் கவனம் தேவை. மேப் சொல்வது வண்டி ஓடும் நேரம் மட்டுமே. டீ, சாப்பாடு, டீசல், குழந்தைகளுக்காக நிற்பது எதுவும் அதில் சேராது. இதனால் என்ன ஆகும்?

பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை உள்ளது. ஆம்புலன்ஸ் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. இரவில் சாலையைக் கடக்கும் யானை, புள்ளிமான் போன்றவை வண்டிகளில் அடிபட்டு இறந்ததே இதற்குக் காரணம்.

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து மாலை 3 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக் கொள்வோம். மைசூருக்கு 4 மணி நேரம், அங்கிருந்து பந்திப்பூர் சோதனைச் சாவடிக்கு 1.45 மணி நேரம் என்று மேப் காட்டினால், இரவு 8.45க்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். மைசூரில் சாப்பிட ஒரு மணி நேரம் நின்றால் 9.45. கேட் மூடியிருக்கும். குழந்தைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு நள்ளிரவில் தங்குமிடம் தேட வேண்டியதுதான்.

3. ஸ்ப்ரெட்ஷீட்டில் சரியான கணக்கு

புதிய ஷீட்டைத் திறந்து ஐந்து தலைப்புகள் தரவும்: இடம், ஓட்ட நேரம், சேரும் நேரம், நிற்கும் நேரம், புறப்படும் நேரம். நேரம் வரும் நான்கு பத்திகளையும் செலக்ட் செய்து, பார்மட் செல்ஸ் சென்று டைம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஒன்றே முக்கால் மணி நேரத்தை 1:45 என டைப் செய்ய வேண்டும்.

முதல் வரியில் ஓசூர். புறப்படும் நேரத்தை மட்டும் தந்தால் போதும். அடுத்த வரியில் சேரும் நேரம் உள்ள செல்லில் சமக்குறி போட்டு, மேல் வரியின் புறப்படும் நேரத்தைக் கிளிக் செய்து, கூட்டல் குறி போட்டு, இந்த வரியின் ஓட்ட நேரத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். அதேபோல் சேரும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் கூட்டினால் புறப்படும் நேரம் கிடைக்கும். இந்த இரண்டு செல்களையும் கீழ் வரிகளுக்குக் காப்பி செய்திடுங்கள்.

இனி ஓசூரில் கிளம்பும் நேரத்தை மாற்றினால் எல்லா வரிகளும் தாமாக மாறும். பந்திப்பூர் வரியில் 9 மணியைத் தாண்டினால் திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பொருள். மைசூரில் இரவு தங்கி, காலை 6 மணிக்குக் கிளம்பிப் பாருங்கள்: 7.45க்குப் பந்திப்பூர். விலங்குகள் கண்ணில் படவும் ஏற்ற நேரம். திங்கள் லீவு இருந்தால் திரும்பும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் தரியா தவுலத் மாளிகையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

ஒரு டிப்ஸ்: மேப்பில் லீவ் நவ் என்பதைக் கிளிக் செய்து டிபார்ட் அட் தேர்ந்தெடுத்தால், குறிப்பிட்ட நாள், நேரத்தின் நெரிசலுக்கு ஏற்ப ஓட்ட நேரம் கிடைக்கும். பல நிறுத்தங்கள் சேர்த்திருந்தால் இந்த வசதி வராது. எனவே இரண்டிரண்டு ஊர்களாகப் பார்த்து ஷீட்டில் எழுதவும். பெங்களூரைக் கடக்கும் பகுதிக்கு இது மிக அவசியம். மேப் காட்டுவது காரின் வேகம். வேனுக்கும் மலை ஏற்றத்துக்கும் கால் பங்கு கூடுதலாகப் போட்டுக் கொள்ளுங்கள்.

4. இ-பாஸ் மறக்க வேண்டாம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளி மாவட்ட வண்டிகள் இ-பாஸ் பெற்றுத்தான் செல்ல வேண்டும் என்ற முறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. ஆகவே ரூம் புக் செய்வதற்கு முன் தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் அப்போதைய விதிகளைப் பார்த்து விண்ணப்பிக்கவும். வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் நாட்கள் ஆகியவற்றைக் கேட்கும். வாடகை வேன் என்றால், மாநில எல்லை தாண்டுவதற்கான பெர்மிட் உள்ளதா என்று உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில்கள் எடுத்துச் செல்லவும்.

5. போனுக்கு மாற்றுதல்

காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வீட்டிலேயே போனில் கூகுள் மேப்ஸ் திறந்து, உங்கள் படத்தைத் தட்டி, ஆஃப்லைன் மேப்ஸ் பிரிவில் மைசூர் முதல் ஊட்டி வரையுள்ள பகுதியை டவுன்லோட் செய்து வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் வழி காட்டும். நெரிசல் விவரமும் மாற்று வழிகளும் மட்டும் கிடைக்காது. ஷீட்டையும் இ-பாஸையும் பிரிண்ட் எடுத்து டிரைவரிடம் ஒரு காப்பி தரவும். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கிப் படம் எடுக்கக் கூடாது, விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்பதை அதன் அடியிலேயே டைப் செய்துவிடுங்கள்.

முதல் முயற்சிக்கு ஒரு சிறிய பயணம் போதும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை மலைக்கோட்டை, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம், கே.ஆர்.பி. அணை என ஒரு நாள் ஷீட் தயார் செய்து போய் வாருங்கள். நீங்கள் போட்ட நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் பக்கத்து பத்தியில் எழுதி ஒப்பிடுங்கள். உங்கள் குடும்பம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அப்போது தெரிந்துவிடும். ஊட்டிக் கணக்கில் அதைச் சேர்த்துக் கொள்ளலாம்.