எலும்புக்குச் சேதி போகும் காலம்

1955 அக்டோபரில் ஹாரி ஹோல்ட் என்ற பண்ணைக்காரர் கொரியாவிலிருந்து 12 குழந்தைகளோடு அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அவர்களில் 4 பேர் வேறு வீடுகளுக்குப் போக வேண்டியவர்கள். மீதி 8 பேரும் அவர் வீட்டுக்கே. அவரும் மனைவி பெர்தாவும் வாழ்ந்தது ஒரேகான் மாநிலத்தின் கிரெஸ்வெல் என்ற சிற்றூரில். பெற்ற பிள்ளைகள் ஏற்கெனவே 6 பேர். ஒரே நாளில் வீட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கை 14 ஆயிற்று. அன்றைய அகதிச் சட்டப்படி ஒரு குடும்பம் 2 குழந்தைகளைத்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம். இந்த எட்டுப் பேருக்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது.

கையெழுத்தும் முத்திரையும் விழுந்ததும் சட்டத்துக்கு அந்தக் குழந்தைகள் ஹோல்ட்டின் பிள்ளைகள். குழந்தையின் உடம்பு அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வதில்லை. வயிறு ஒரு கணக்கு வைத்திருக்கிறது, எலும்பு வேறொன்று. நாக்கு முந்திக்கொள்ளும், தூக்கம் பின்தங்கும். புது வீட்டில் கழியும் முதல் வருடத்தில் இவை ஒவ்வொன்றும் தனித்தனித் தேதியில் அந்த வீட்டை ஏற்கின்றன. ஹோல்ட் வீட்டில் யாரும் அளவுநாடாவோடு நின்று இதைப் பதிவுசெய்ததாக நான் படித்ததில்லை. ஆனால் வேறு பல வீடுகளில் மருத்துவர்களும் உளவியலாளர்களும் அளந்திருக்கிறார்கள்.

முதலில் சாப்பாடு. பசியறிந்து வளர்ந்த குழந்தைகளைத் தத்தெடுத்த பெற்றோர் பலர் தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டைக் கண்டெடுத்திருக்கிறார்கள். வயிறு நிறைந்த பிறகும் தட்டை விடாத பிள்ளைகள் உண்டு. அடுத்த வேளையும் சோறு வரும் என்று நம்ப அந்த வயிற்றுக்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகின்றன. நன்றாகச் சாப்பிடப் போட்டால் குழந்தை வளர்ந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது பாதிதான் சரி என்று காட்டியது, வேறெதையோ தேடிப் போன ஓர் ஆய்வு.

எல்சி விடோசன் என்ற பிரிட்டிஷ் ஊட்டச்சத்து அறிஞர் 1948இல் போரில் நொறுங்கிய ஜெர்மனியில் இரண்டு அனாதை இல்லங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 50 குழந்தைகள். இரண்டிலும் ஒரே ரேஷன். ஒரு வருடம், இரு வாரத்துக்கு ஒருமுறை எடை. முதல் 6 மாதம் வெறுமனே கவனிப்பது, அடுத்த 6 மாதம் ஓர் இல்லத்துக்கு மட்டும் கூடுதலாக ரொட்டியும் ஜாமும் ஆரஞ்சுச் சாறும் கொடுப்பது என்று திட்டம். விடை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுபோல்தான் இருந்தது. நடந்தது தலைகீழ். கூடுதல் ரொட்டி கிடைத்த இல்லத்தின் குழந்தைகள் மற்ற இல்லத்தைவிடக் குறைவாக எடை ஏறினார்கள். அதற்கு முந்தைய 6 மாதத்தில், ஒரே ரேஷனில் இருந்தபோது, அவர்கள்தான் முன்னால் இருந்தவர்கள்.

காரணத்தைத் துருவிப் பார்த்தபோது ஒரு பெண்மணி அகப்பட்டார். ஆய்வறிக்கையில் அவருக்கு ஷ்வார்ட்ஸ் என்று பெயர். இல்லத் தலைவி, மகா கண்டிப்புக்காரர். குழந்தைகள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, எல்லார் முன்னிலையிலும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திட்டுவது அவர் வழக்கம். திட்டி முடிப்பதற்குள் சூப் ஆறிப்போகும், சில குழந்தைகள் அழுதுகொண்டிருப்பார்கள். கூடுதல் ரொட்டி வரத் தொடங்கிய அதே சமயத்தில்தான் அவர் மற்ற இல்லத்திலிருந்து இந்த இல்லத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். ரொட்டி உள்ளே வந்தது, அவரும் உள்ளே வந்தார். அவருக்குச் செல்லப்பிள்ளைகள் 8 பேர் இருந்தார்கள். அவர்களைக் கையோடு அழைத்து வந்திருந்தார். அந்த 8 பேர் மட்டும் இரு இல்லங்களிலும் மற்றவர்களைவிட நன்றாக வளர்ந்தார்கள். 1951இல் ‘லான்செட்’ இதழில் வெளியான இந்த ஆய்வில் கணக்கு எதுவும் சிக்கலானதில்லை. எடை பார்க்கும் எந்திரமும் பொறுமையும்தான் மூலதனம். ஆனால் வளர்ச்சி பற்றிய ஆய்வுகளில் இதற்கு இணையாக என்னை உலுக்கியது வேறில்லை.

திட்டு எப்படி எலும்பை எட்டுகிறது? 1967இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர்கள் வளர்ச்சி நின்றுபோன 13 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பார்த்தால் பிட்யூட்டரி சுரப்பி பழுதானவர்கள்போல் இருந்தார்கள். பரிசோதித்தவர்களில் பலருக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகக் குறைவு. ஆனால் அன்பற்ற வீட்டிலிருந்து அவர்களைப் பிரித்து வேறிடத்தில் வைத்ததும், ஹார்மோன் ஊசி எதுவும் போடாமலே, வளரத் தொடங்கிவிட்டார்கள். சுரப்பி கெடவில்லை, மூளை அதை மூடி வைத்திருந்தது. ஆபத்து நிறைந்த இடத்தில் வளர்ச்சி ஓர் ஆடம்பரம். மூளையின் அடித்தளத்தில் உள்ள ஹைபோதலாமஸ் அந்தச் செலவை ஒத்திப்போடுகிறது.

ஒத்திப்போட்டது எங்கே சேமிக்கப்படுகிறது என்பது இன்னும் விசித்திரம். நீள எலும்புகளின் முனையருகே வளர்தட்டு என்றொரு குருத்தெலும்பு அடுக்கு உண்டு. அதில் உள்ள செல்கள் குறிப்பிட்ட தடவைகள்தான் பிரியும், பிறகு மூப்படைந்துவிடும். வளர்ச்சி மெதுவாகும்போது அந்தத் தடவைகள் செலவாகாமல் கிடக்கின்றன. 1994இல் வெளியான ஒரு சோதனையில் முயலின் ஒரு காலில் மட்டும், வளர்தட்டு இருக்கும் இடத்தில், வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். மருந்தை நிறுத்தியதும் அந்த ஒரு தட்டு மட்டும் மறுகாலைவிட வேகமாக வளர்ந்தது. இரத்தம் ஒன்றுதான், ஹார்மோன் ஒன்றுதான். ஆனாலும் எவ்வளவு பாக்கி என்று அந்தத் தட்டுக்கே தெரிந்திருந்தது. தத்து வந்த குழந்தையின் கால்சட்டை சில மாதங்களிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுவதற்குப் பின்னால் இந்தப் பாக்கி இருக்கிறது.

இதை மனிதக் குழந்தைகளில் கறாராக அளக்கும் வாய்ப்பு ருமேனியாவில் வந்தது. மக்கள்தொகையைப் பெருக்க அந்நாட்டு ஆட்சியாளர் நிக்கோலாய் சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது 1,70,000க்கு மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். அங்கே ஆள் மாறிக்கொண்டே இருக்கும். பணிமுறைக்கு ஒருவர் வருவார், ஒருவருக்குப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல். சார்ல்ஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2000ஆம் ஆண்டையொட்டி புகாரெஸ்டில் ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றப் பாதிப் பேர் வழக்கமான பராமரிப்பிலேயே இருந்தார்கள். எந்தக் குழந்தைக்கு வீடு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்நகரில் வளர்ப்புக் குடும்பங்களே அநேகமாக இல்லாததால், ஆய்வு இல்லாவிட்டால் அந்த 68 பேருக்கும் வீடு கிடைத்திராது என்பது அவர்கள் பதில். பதில் நியாயமானதுதான். நெருடல் போகவில்லை.

கிடைத்த விடைகளில் உடம்பின் காலண்டர் தெளிவாகத் தெரிகிறது. உயரமும் எடையும் குடும்பத்துக்கு வந்த முதல் 12 மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஈடுகட்டிவிட்டன. அதிலும், வளர்ப்புத் தாய் குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் வீடுகளில் வளர்ச்சி கூடுதல். ஷ்வார்ட்ஸ் அம்மையாரின் சூப் நினைவுக்கு வருகிறது. ஆனால் தலைச்சுற்றளவு அந்த வேகத்தில் வரவில்லை. 2 வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்களின் மூளை மின்னலைகள், 8 வயதில் பார்த்தபோது, சொந்தப் பெற்றோரோடு வளர்ந்த குழந்தைகளின் அலைகளை ஒத்திருந்தன. பிந்திப் போனவர்களுடையது அப்படியில்லை. எலும்பு தாமதத்தை மன்னிக்கிறது, மூளையில் சில வாசல்கள் சாத்திக்கொள்கின்றன.

இரவுக்கும் ஒரு கணக்கு உண்டு. கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் காலையில் விழித்த அரைமணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், படிப்படியாக இறங்கி, படுக்கும் நேரத்தில் அடங்கிப்போக வேண்டும். ருமேனிய இல்லத்துக் குழந்தைகளின் எச்சிலை 1990களில் சோதித்தவர்கள் கண்டது ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரு தட்டைக் கோடு. காலையில் எழுப்பிவிட ஆளில்லாத உடம்பு, ராத்திரியில் அடங்கிப்போகவும் துணியாத உடம்பு. கிரெஸ்வெல்லுக்குப் பக்கத்து நகரமான யூஜீனில், ஹோல்ட் குழந்தைகள் வந்து அரை நூற்றாண்டு கழித்து, ஃபிலிப் ஃபிஷர் குழுவினர் தற்காலிக வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த சிறுவர்களின் எச்சிலை 12 மாதம் தொடர்ந்து அளந்தார்கள். சாதாரண ஏற்பாட்டில் இருந்தவர்களின் கோடு மாதம் போகப்போகத் தட்டையாகிக்கொண்டே வந்தது. வளர்ப்புப் பெற்றோருக்குப் பயிற்சியும் கூப்பிட்ட நேரத்துக்கு உதவியும் கிடைத்த வீடுகளில் அப்படி ஆகவில்லை. பெரியவர்களுக்குக் கொடுத்த பயிற்சி குழந்தையின் எச்சிலில் தெரிந்தது.

அப்படியானால் 14 பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும்? பெரிய தத்துக் குடும்பங்களைப் பார்த்து எல்லாரும் கேட்கும் கேள்வி இது. தலையை எண்ணி வகுத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சாரா ஹ்ர்டி என்ற மானுடவியலாளர் பல ஆண்டுகளாக வாதிட்டுவருவதுபோல், மனிதக் குழந்தை தொடக்கத்திலிருந்தே பலர் இடுப்பில் வளர்ந்தது. பாட்டி, அத்தை, மூத்த அக்கா என்று கைமாறிக்கொண்டிருப்பது அதற்குக் கேடில்லை. ருமேனிய இல்லத்திலும் பல கைகள் இருந்தன. ஆனால் அந்தக் கைகள் நாளைக்கு இருக்கமாட்டா. ஹோல்ட் வீட்டில் மூத்தவர்கள் 6 பேரும் கைக்குழந்தைப் பருவம் தாண்டியவர்கள், நாளைக்கும் அதே மேசையில் இருக்கப்போகிறவர்கள். பெரிய குடும்பம் தடுமாறுவது, பிள்ளைகளின் எண்ணிக்கையைவிட, புதியவர்கள் வரும் வேகத்தில்தான். ஒருவர் காலூன்றுவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டால் எல்லாருடைய காலண்டரும் கலைகிறது.

அந்த முதல் வருடத்தில் பெற்றோர் அதிகம் குழம்புவது ஒட்டுதலைப் பற்றி. உளவியலாளர் மேரி டோசியரும் சகாக்களும் வளர்ப்புத் தாய்மார்களைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். குழந்தை விழுந்தபோது உங்களிடம் வந்ததா, பயந்தபோது யாரைத் தேடியது என்பதுபோன்ற சின்னச் சின்னக் குறிப்புகள். ஒரு வயதுக்கு முன் வந்த குழந்தைகள் சில வாரங்களிலேயே புதுத் தாயைத் தேடத் தொடங்கிவிட்டன. அதற்கு மேற்பட்டவை அடிபட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. திருப்பிக்கொண்ட குழந்தையிடம் தாயும் சற்று ஒதுங்கினாள். இதற்கு எதிர்ப்பக்கத்தில், யார் கை நீட்டினாலும் தாவும் குழந்தைகள். விருந்தாளிகள் ‘எவ்வளவு நல்லாப் பழகுது பாருங்க’ என்பார்கள். தாயின் முகத்தையும் அந்நியர் முகத்தையும் காட்டி மூளையைப் படமெடுத்தால், இத்தகைய குழந்தைகள் பலரிடம் அமிக்டலா என்ற பகுதி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் எதிர்வினை காட்டுகிறது.

தாய் பக்கமும் நேரம் பிடிக்கிறது. வளர்ப்புத் தாய்மார்களின் ஆக்சிடோசின் அளவை, குழந்தை வந்த புதிதிலும் 3 மாதம் கழித்தும் எடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. தொடக்கத்தில் அந்த ஹார்மோன், எந்தக் குழந்தையின் படத்தைப் பார்த்தாலும் மூளை காட்டும் பொதுவான எதிர்வினையோடு சேர்ந்து போனது. 3 மாதம் கழித்து, தன்னிடம் வளரும் குழந்தையைக் கொஞ்சும்போது காட்டும் மகிழ்ச்சியோடு சேர்ந்திருந்தது. பிரசவம் இல்லை, பால் சுரக்கவில்லை. தூக்கி வைத்துக்கொண்டதே வேலையைச் செய்கிறது.

வேகமாக ஈடுகட்டும் உடம்பு சில சமயம் அதற்கு விலையும் வைக்கிறது. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன 107 பெண்களைப் பற்றி உப்சாலா மருத்துவர்கள் 1991இல் எழுதினார்கள். அவர்கள் பூப்படைந்த நடுமதிப்பு வயது 11.6. ஸ்வீடன் பெண்களுக்கு அது 13ஐ ஒட்டியது. ஏழு வயது தாண்டியதும் பூப்படைந்தவர்களும் அதில் இருந்தார்கள். வந்தபோது மிகக் குள்ளமாக இருந்து, பிறகு மிக வேகமாக வளர்ந்தவர்களுக்கே இது அதிகம் நேர்ந்தது. பூப்பு முந்தினால் வளர்தட்டும் முந்தி மூடும். பாக்கி முழுவதையும் வசூலிப்பதற்குள் கணக்கு முடிந்துவிடுகிறது.

நாக்குதான் எல்லாவற்றையும் முந்துகிறது. சீனாவிலிருந்து அமெரிக்கா வந்த இரண்டரை முதல் ஐந்தரை வயதுக் குழந்தைகளை ஹார்வர்டின் ஜெஸ்ஸி ஸ்னெடெக்கர் குழுவினர் கவனித்தார்கள். வீட்டில் சீனம் பேச ஆளில்லை, இருமொழிப் பள்ளி இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு மூளை முதிர்ந்திருக்கிறது, உலகம் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அது ஆங்கிலத்தைக் கைக்குழந்தையின் வரிசையிலேயே கற்றது. முதலில் பெயர்ச்சொற்கள், பிறகு வினைகள், விகுதியற்ற குட்டி வாக்கியங்கள். வேகம் மட்டும் பலமடங்கு. ஆக, மழலையின் வரிசை மூளையின் பிஞ்சுத்தனத்தால் மட்டும் வருவதில்லை. மொழி என்ற பொருளையே அந்த வழியாகத்தான் அவிழ்க்க முடியும்போல.

வந்த மொழி இருந்த மொழியைத் துரத்திவிடுகிறதா? 3 முதல் 8 வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்ஸுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களானபின் கிறிஸ்தோஃப் பாலியே என்ற ஆய்வாளர் சோதித்தபோது, அவர்கள் மூளைக்குக் கொரியமும் தெரியாத வேறு மொழிகளும் ஒன்றாகவே இருந்தன. 2003இல் அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2014இல் மாண்ட்ரியாலில், ஒரு வயதையொட்டிச் சீனாவிலிருந்து வந்து பிரெஞ்சு மட்டுமே பேசும் சிறுமிகளுக்குச் சீனத்தின் தொனிகளை ஒலிக்கவிட்டு மூளையைப் படமெடுத்தார்கள். சீனம் கேட்டே அறியாத பிரெஞ்சுச் சிறுமிகளின் மூளைபோல அது வேலை செய்யவில்லை. சீனம் பேசுபவர்களின் மூளைபோல இடப்பக்கம் விழித்தது.

ஹோல்ட் தம்பதி தொடங்கிய வழியில் கொரியாவிலிருந்து வெளிநாடு போன குழந்தைகள் ஏறத்தாழ 2,00,000 என்று சொல்லப்படுகிறது. அவர்களில் பலருக்கு அனாதை என்று பதிவேடு புனையப்பட்டிருந்ததை, 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் உறுதிசெய்தது. வளர்ந்தபின் பெற்றோரைத் தேடிச் சியோலுக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் கொரியம் கற்க உட்கார்ந்தால் என்ன நடக்கும்? நெதர்லாந்தில் வளர்ந்த 29 கொரியத் தத்துப் பிள்ளைகளையும் அதே எண்ணிக்கையில் டச்சுக்காரர்களையும் உட்காரவைத்து, கொரியத்தின் மூன்று வகை மெய்யொலிகளைக் கேட்டுப் பிரித்தறியக் கற்பித்தார் மிரியம் ப்ரூர்ஸ்மாவின் குழுவைச் சேர்ந்த ஜியோன் சோய். தத்து வந்தவர்கள் பயிற்சியில் வேகமாக முன்னேறினார்கள். 17 மாதம் கடந்து வந்தவர்களுக்குக் கிடைத்த அதே அனுகூலம், 6 மாதம் நிறைவதற்குள், ஒரு சொல்லும் பேசுவதற்கு முன்பே, கொரியாவை விட்டுப் போனவர்களுக்கும் இருந்தது.