மூடிய தொழிற்சாலையின் காணி யாருக்கு?

ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் வேலை இழந்தவர்கள் எத்தனை பேர், நிலுவைச் சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி கிடைத்ததா என்று கணக்குப் பார்ப்பார்கள். அந்தத் தொழிற்சாலையின் வாசலில் இடியப்பமும் தேநீரும் விற்றுக் குடும்பம் நடத்திய பெண் இந்தக் கணக்கு எதிலும் வரமாட்டாள். இருபது, முப்பது வருடங்கள் கழித்து அதே காணியில் புதிய கட்டடங்கள் எழும்போதும் அவளை யாரும் தேடிப் போவதில்லை.

பட்டிப்பொலயில் நாம் நடத்தும் பெண்கள் குழுக் கூட்டம் ஒன்றில் எழுந்த கேள்விதான் இதை எழுதத் தூண்டியது. நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் ஊர் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீற்றர் உயரம். மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகும் பெண்களே எமது குழுவில் அதிகம். அவர்களில் சிலர் இந்த மலையில் பிறந்திருந்தாலும் வன்னியில் வளர்ந்தவர்கள். 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு வெளியேறிய பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின என்பது வாசகிகளுக்குத் தெரியும். அவ்வாறு போய், யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, 2009க்குப் பிறகு உறவினரை நாடி மீண்டும் மலையேறி வந்தவர்கள் இவர்கள்.

அப்படி வந்த ஒரு சகோதரியின் தாயார், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 1985இல் யுத்த நிலைமையால் தொழிற்சாலையின் உற்பத்தி நின்றபோது அந்த வருமானமும் நின்றது. பின்னர் யுத்தத்தில் இந்தச் சகோதரி கணவரை இழந்தார். அவரிடம் இப்போது எஞ்சியிருப்பது அந்தப் பக்கத்தில் கணவர் பெயரில் உள்ள ஒரு காணி பேர்மிட் மட்டுமே. "மிஸ், அந்த எடத்துல திரும்பவும் பெரிசா ஏதோ கட்டப் போறாங்களாம். அதுல எங்களுக்கும் ஏதாவது இருக்குங்களா?" என்று அவர் கேட்டார்.

பரந்தன், காங்கேசன்துறை, மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைப்பது பற்றி 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் பேசப்பட்டது. ஆகவே இந்தக் கேள்வி பட்டிப்பொலவில் உள்ள ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தால் நின்றுபோன காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையைச் சுற்றி வாழ்ந்த பெண்களுக்கும் உரியது. இதே போன்ற காணிகளுக்கு வேறு இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் விடை தெளிவாகும்.

பழைய காணிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

தொழிற்சாலை இருந்த இடத்தில் வீதி இருக்கும், மின்சாரம் இருக்கும், தண்ணீர் இருக்கும், பெரும்பாலும் ரயில் பாதையும் அருகில் இருக்கும். காணி ஒரே துண்டாக, ஒரே உரிமையாளரிடம் இருக்கும். இதனால் முதலீட்டாளருக்கும் அரசுக்கும் அது வசதி. இப்படிப்பட்ட காணியில் இப்போது உலகெங்கும் கலப்புப் பயன்பாட்டு நகர்ப்பகுதிகளை அமைக்கிறார்கள். அதாவது வீடுகள், கடைகள், அலுவலகங்கள், பூங்கா, பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் ஒன்றாக அமைவது.

இது பெண்களுக்கு நன்மை தரக்கூடியதே. வேலை வீட்டுக்கு அருகில் இருந்தால் பிள்ளையைப் பராமரிக்க நேரம் கிடைக்கும். இரவிலும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள தெருவில் பயமின்றி நடக்கலாம். ஆனால் அந்த வீட்டை வாங்கவும் கடையை வாடகைக்கு எடுக்கவும் யாரால் முடியும் என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

வெள்ளவத்தை ஆலை இருந்த இடம்

எமது நாட்டில் இதற்கு மிகத் தெளிவான உதாரணம் கொழும்பில் இருக்கிறது. ஹெவ்லொக் வீதியில் வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலை ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தது. தொழிலாளர்களில் இந்திய வம்சாவளியினரும் சிங்களவரும் இருந்தனர். 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் முக்கியமானது. கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இடதுசாரித் தலைவர்கள் தொழிற்சங்கத் துறையில் கால் பதித்தது அந்த ஆலையில்தான்.

ஆலை இருந்த ஏறத்தாழ 18 ஏக்கர் காணியில் இன்று ஹெவ்லொக் சிற்றி நிற்கிறது. 8 கோபுரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், அலுவலகக் கோபுரம், 2023இல் திறக்கப்பட்ட பேரங்காடி எல்லாம் அதற்குள் உண்டு. கட்டடமும் தோட்டமும் அழகாகவே இருக்கின்றன. பாதுகாப்பு ஊழியர், துப்புரவு ஊழியர், கடை உதவியாளர் என்று வேலைகளும் உருவாகியிருக்கின்றன. ஆனால் நூல் நூற்ற கைகளுக்குச் சொந்தமான குடும்பம் ஒன்று இன்று அந்த வீடுகளில் ஒன்றை வாங்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரின் பேத்தி அந்த வாசலுக்கு வருவதானால் பெரும்பாலும் வேலை கேட்டே வரவேண்டியிருக்கும்.

மும்பாய் சொல்லும் பாடம்

இந்தியாவின் மும்பாய் நகரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பஞ்சாலைகள் இருந்தன. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை இலட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. நகரின் நடுவில் சுமார் 600 ஏக்கர் ஆலைக் காணி மிஞ்சியது.

1991இல் மகாராஷ்டிர அரசு நல்ல விதி ஒன்றைக் கொண்டுவந்தது. ஆலைக் காணியைப் புதிதாக விருத்தி செய்வதானால் மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கு, மூன்றில் ஒரு பங்கு பொது வீடமைப்புக்கு, மீதி உரிமையாளருக்கு. ஆனால் 2001இல் அந்த விதி திருத்தப்பட்டது. ஆலைக்குள் கட்டடம் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றானது. பொதுமக்களின் பங்கு வெகுவாகச் சுருங்கியது. வழக்குப் போடப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பேரங்காடிகளும் அலுவலகங்களும் எழுந்தன.

இருந்தும் ஆலைத் தொழிலாளர்கள் சங்கமாக நின்று போராடியதால் ஒரு பகுதியாவது கிடைத்தது. 2012இல் 6,925 வீடுகள் குலுக்கல் முறையில் தொழிலாளர்களுக்கும் வாரிசுகளுக்கும் ஒதுக்கப்பட்டன. விண்ணப்பித்தவர்களோ ஓர் இலட்சத்துக்கும் அதிகம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு கூட்டம் உண்டு. கிராமங்களிலிருந்து தனியாக வந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சமைத்துப் போட்ட பெண்கள் மும்பாயில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்தச் சாப்பாட்டு வீடுகளைக் 'கானாவல்' என்பார்கள். 1975இல் பிரேமா புரவ் என்ற தொழிற்சங்கப் பெண்மணி இந்தப் பெண்களை அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பில் ஒன்றுசேர்த்து வங்கிக் கடன் பெற வழிசெய்தார். அதனால் வட்டிக்காரரிடமிருந்து பலர் மீண்டார்கள். ஆயினும் வீடு ஒதுக்கும்போது பார்க்கப்பட்டது ஆலையின் தொழிலாளர் பதிவேடு. சமைத்துப் போட்ட பெண்ணின் பெயர் அதில் இல்லை. பரந்தனில் சமைத்துக் கொடுத்த அந்தத் தாயின் நிலையும் இதுதான்.

எமது மலைநாட்டில்

மலையகத்திலும் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைகள் பல உண்டு. கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை நீண்ட காலம் ஓய்ந்து கிடந்து, 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் உள்ளேயே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. இடித்துத் தள்ளாமல் மாற்றியமைத்தது நல்ல காரியமே.

ஆனால் தேயிலைத் தொழிற்சாலை தனியாக நிற்பதில்லை. அதைச் சுற்றி லயங்கள் இருக்கின்றன. லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கும் அந்த அறைக்கு உறுதி கிடையாது. 2015க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் நடந்தாலும் பெரும்பான்மையோர் இன்னும் லயங்களிலேயே இருக்கிறார்கள். காணிக்குப் பத்திரம் இல்லாதவர், பேச்சுவார்த்தை மேசையில் கடைசி ஆளாகவே உட்காருவார். வன்னியில் பேர்மிட்டைத் தொலைத்த பெண்ணும் மலையில் லயத்தில் வாழும் பெண்ணும் இந்த விடயத்தில் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

மண்ணுக்குள் இருப்பது

காணியை யார் பெறுகிறார்கள் என்பது போலவே அந்த மண் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். தமிழ்நாட்டின் கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்டது. அங்கு வேலை செய்த 591 பேருடன் நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது 2016இல்தான். இரசாயனத் தொழிற்சாலை இருந்த மண்ணில் வீடு கட்டவோ கிணறு தோண்டவோ முன்னர் மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதிக்க வேண்டும். எமது பகுதிகளில் மிதிவெடி அகற்றப்பட்டதற்கான சான்றும் வேண்டும். சுத்தம் செய்யும் கூலி வேலைக்குப் பெண்களைப் பாதுகாப்பு உடையின்றி இறக்குவதை அனுமதிக்கக் கூடாது.

நன்றாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். எமது உறவினர் பலர் வாழும் ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில், எசன் நகரின் சோல்பெராயின் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. அதை இடிக்காமல் அருங்காட்சியகமாகவும் பயிற்சி, கலை நிலையங்களாகவும் மாற்றினார்கள். 2001இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது. மாசடைந்த நிலத்தைச் சீர்செய்ய அந்தப் பிரதேசத்தில் அரசு பல வருடங்கள் பணமும் நேரமும் செலவிட்டது. அவசரப்படாததே அங்கு கிடைத்த வெற்றிக்கு ஒரு காரணம்.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, திட்டம் வந்த பிறகு வீதியில் நின்று அழுவதை விட, வருமுன் ஆயத்தமாவது மேல். எமது குழுவில் கலந்துரையாடிய விடயங்களை இங்கே தருகிறேன்.

முதலாவது, பத்திரங்கள். பேர்மிட் கணவர் பெயரில் இருந்து அவர் இறந்தோ காணாமற்போயோ இருந்தால், காணி அமைந்துள்ள பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உங்கள் பின்னுரித்தைப் பதிவு செய்ய விண்ணப்பியுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரிமை வரிசையில் நெடுங்காலமாக மகளை விட மகனுக்கே முன்னுரிமை இருந்தது. அந்தப் பாகுபாடு 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நீக்கப்பட்டது. இதை மூத்த மகள் உள்ள தாய்மார் அறிந்திருக்க வேண்டும். பத்திரம் தொலைந்திருந்தால் பழைய மின்சாரப் பட்டியல், பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, தகவல். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு காணிக்கு என்ன திட்டம் இருக்கிறது என்று அரச அலுவலகத்தைத் தமிழில் எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆட்சேபம். தனியார் காணியை அரசு எடுப்பதானால் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி அறிவித்தல் ஒட்டப்படும். எழுத்தில் ஆட்சேபிக்கவும் நட்டஈடு கோரவும் அதில் இடம் உண்டு. 2001இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய மீள்குடியமர்த்தல் கொள்கை, உறுதி இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று கூறுகிறது. பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டால், அதைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 வேலை நாட்கள் தரப்படும். சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதியற்றோருக்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

நான்காவது, பட்டியல். இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, அதைச் சார்ந்து சமைத்தவர்கள், கடை போட்டவர்கள், துணி தைத்தவர்கள், பிள்ளை பார்த்தவர்கள் எல்லோருடைய பெயரையும் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று எழுதி, கிராம அலுவலரிடமும் மாதர் சங்கத்திடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். சட்டப்படி அது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் திட்ட அதிகாரிகள் 'இங்கே யாரும் இருக்கவில்லை' என்று சொல்ல முடியாது. கடைத் தொகுதியில் எத்தனை கடை பெண்களுக்கு, வேலைவாய்ப்பில் எத்தனை வீதம் அவ்வூராருக்கு, பயிற்சி எப்போது என்று பேரம் பேச அந்தப் பட்டியல் உதவும்.

அந்தச் சகோதரியின் கேள்விக்கு நேரான விடை இதுதான்: இன்றைய நிலையில் அந்தத் திட்டத்தில் அவருக்கென்று எழுதி வைக்கப்பட்ட பங்கு எதுவும் இல்லை. பேர்மிட் அவர் பெயருக்கு மாறினால் அந்தக் காணியில் உரித்து இருக்கும். அவருடைய தாயின் உழைப்பு பட்டியலில் ஏறினால் பேசுவதற்கு ஓர் ஆதாரம் இருக்கும். முதலாவதைப் பிரதேச செயலகத்தில் தொடங்க வேண்டும். இரண்டாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் பழைய அயலவர் நான்கு பேரும் இருந்தால் போதும். ஞாபகம் உள்ள மூத்த பெண்கள் எம்மோடு இருக்கும்போதே அதை எழுதி முடித்துவிடுவோம்.